கிங் கிரிம்சனின் 'யூஎஸ்ஏ': ஒரு மேடைப்பதிவைக் காது கொடுத்துக் கேட்கும் முறை

மேடைப்பதிவு என்றதும், ஒரு நாள் இரவில் நடந்ததை நடந்தபடியே பிடித்துவைத்த ஒலிப்படம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மூன்று இடங்களில் உருவாகிறது: மேடையில் வாசிக்கப்படுகிறது, பிறகு ஸ்டூடியோவில் சீர்செய்யப்படுகிறது, அதன்பின் எதை வைத்துக்கொள்வது எதை வெட்டுவது என்ற முடிவுக்கு உட்படுகிறது. இந்த மூன்று கைகளையும் பிரித்தறியக் காதைப் பழக்க விரும்புகிறவருக்கு நான் எப்போதும் கையில் எடுத்துக் கொடுப்பது, கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1975-இல் வெளியிட்ட 'யூஎஸ்ஏ' என்ற ஆல்பத்தை. அந்தக் குழுவின் மிகச் சிறந்த மேடைப்பதிவு இதுதான் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் மூன்று கைகளின் தடங்களும் இவ்வளவு தெளிவாக ஒரே இசைத்தட்டில் பதிந்திருப்பது அரிது. அவற்றைச் சரிபார்க்கப் பிற்காலத்தில் கிடைத்த வேறு பதிவுகளும் உள்ளன.

கேட்கத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். 1974 கோடையில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த குழுவில் நால்வர் இருந்தனர்: கித்தாரும் மெல்லோட்ரான் என்ற விசைக்கருவியும் ராபர்ட் ஃபிரிப், வயலினும் விசைப்பலகைகளும் டேவிட் கிராஸ், பேஸ் கித்தாரும் பாட்டும் ஜான் வெட்டன், டிரம்ஸ் பில் புரூஃபோர்ட். அந்தப் பயணத்தின் கடைசிக் கச்சேரி ஜூலை 1 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 28 அன்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் கடற்கரை ஊரான ஆஸ்பரி பார்க்கில் வாசித்ததுதான் இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி. கடைசிப் பாட்டு மட்டும் இரண்டு நாள் கழித்து, ரோட் ஐலண்டில் உள்ள பிராவிடன்ஸ் நகரின் பேலஸ் தியேட்டரில் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். எனவே இசைத்தட்டு கடைக்கு வந்தபோது அதில் வாசித்த குழுவே இல்லை. உறையில் இருந்த குறிப்பும், கல்லறையில் பொறிப்பதுபோல, 'ஆர்.ஐ.பி.' என்று முடிந்தது. ஏழாண்டு கழித்து வேறு ஆட்களோடு அதே பெயர் திரும்பி வந்தது என்பது தனிக்கதை.

எந்தப் பதிப்பை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது: முதலில் 1975-ஆம் ஆண்டின் வரிசை அப்படியே உள்ள ஒன்றைக் கேளுங்கள். இந்த ஆல்பம் 2002 வரை குறுந்தகடாக வெளிவரவேயில்லை; அந்த ஆண்டில் வந்த பதிப்பில் பழைய வரிசைக்குப் பின்னால் 'ஃபிராக்சர்', 'ஸ்டார்லெஸ்' என்ற இரண்டு பாடல்கள் கூடுதலாகச் சேர்ந்தன. அவற்றைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். 2013-இல் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்ட வடிவமும் உண்டு, ஒலி அதில் திறந்து தெளிவாக இருக்கும். ஆயினும் அதிலிருந்து தொடங்கினால், பழைய தட்டில் யார் என்ன செய்தார்கள் என்ற நம் கேள்வியின் பாதி காணாமல் போய்விடும். கருவி விஷயத்தில் ஆடம்பரம் தேவையில்லை. காதை மூடும் சுமாரான ஹெட்போன் ஒன்று போதும். ஆனால் போனிலோ பிளேயரிலோ பேஸைக் கூட்டும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். வெட்டனின் பேஸ் ஏற்கெனவே சுவரைத் தள்ளுகிற பேஸ். அதற்கு நாம் வேறு கைகொடுத்தால், பின்னால் இருக்கும் வயலின் முழுவதுமாகப் புதைந்துபோகும்.

முதல் முறை நிறுத்தாமல், எதையும் குறித்துக்கொள்ளாமல், கடைசிவரை கேட்டுவிடுங்கள். அப்போது கவனிக்க வேண்டியது இசையைவிட இடத்தை. கைதட்டல் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கூட்டத்தின் ஒலி இயல்பாக அடங்குகிறதா அல்லது சட்டென்று குறைக்கப்படுகிறதா என்பனவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டாலே போதும். தொடக்கத்தில் சில நொடிகள் மிதந்துவரும் ஒலியை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். அது மேடையில் வாசிக்கப்பட்டதல்ல. ஃபிரிப்பும் பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞரும் 1973-இல் வெளியிட்ட 'நோ புஸிஃபுட்டிங்' என்ற பதிவிலிருந்து ஒரு துண்டு, குழு மேடையேறும்போது ஒலிபெருக்கியில் ஒலித்தது. இரண்டு டேப் ரெக்கார்டர்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றில் பதிந்தது சில நொடி கழித்து மற்றொன்றில் திரும்ப ஒலிக்குமாறு செய்து, அதன்மேல் மேலும் மேலும் கித்தாரைப் படியவிட்ட இசை அது. ஆக, மேடைப்பதிவு என்று நாம் கேட்கும் தட்டின் முதல் ஒலியே ஒரு ஸ்டூடியோப் பதிவுதான்.

இரண்டாம் முறை 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக், பகுதி இரண்டு' என்ற முதல் உருப்படியில் நின்றுகொள்ளுங்கள். இதைக் கேட்டுக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் தடுமாறுகிறார்கள். கித்தார் வெட்டி வெட்டி வாசிக்கும் தொடக்கச் சொற்றொடரை நான்கு நான்காகத் தட்ட முயன்றால் கை நழுவிக்கொண்டே இருக்கும். நமக்கு இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: கொன்னக்கோல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 'தகிட தகிட தக தக' என்று ஒரே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று பத்து எழுத்துகள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கித்தாரின் அழுத்தம் வந்து விழும். நான்கைந்து சுற்றுகளில் வாய் பழகிவிடும், அதன்பின் எண்ண வேண்டியிராது. சில இடங்களில் கணக்கு மாறும், அப்போது சொல்கட்டு உடையும். உடைந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், பழைய வெட்டு திரும்பும்போது மறுபடி பிடித்துக்கொள்ளலாம். இந்தப் பயிற்சியின் பயன் தாளம் கற்பதல்ல. எண்ணும் பொறுப்பு வாய்க்குப் போய்விட்டால் காது விடுதலையாகி, புரூஃபோர்ட் அந்தப் பத்துக்குள் எங்கே அடிக்கிறார், எங்கே வேண்டுமென்றே அடிக்காமல் விடுகிறார் என்பதைத் தேடத் தொடங்கும்.

இப்போது அதே உருப்படியின் நடுவில் வரும் வயலினுக்கு வாருங்கள். கூர்மையாக, ஏறக்குறைய அலறலாக எழும் அந்த வயலினை வாசித்தவர் டேவிட் கிராஸ் அல்லர். எடி ஜாப்ஸன் என்ற இளைஞர் பின்னர் ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தது அது. ரோக்ஸி மியூஸிக் குழுவில் அப்போது இருந்த அவருக்கு வயது இருபதுகூட நிறைந்திருக்கவில்லை. இந்த உருப்படியிலும் இறுதியில் வரும் 'டுவென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிஸாய்டு மேன்' பாட்டிலும் வயலின் அவருடையது. 'லமென்ட்' பாட்டில் பியானோவும் அவருடையதே. இதை உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள், யாரும் ஒளிக்கவில்லை. உறையைப் படிக்காதவர்களுக்குத்தான் ஏமாற்றம். நான் அந்த வகையில் சேர்ந்தவன்: நண்பர் ஒருவர் நகலெடுத்துத் தந்த உறையில்லாத கேசட்டில் பல ஆண்டுகள் இதைக் கேட்டுவிட்டு, மேடையில் நின்றபடி இப்படி வாசிப்பதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும் என்று கிராஸைப் புகழ்ந்து நான்கு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

ஒட்டிச்சேர்த்த ஒலியைக் காதால் கண்டுபிடிக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். மேடையில் ஒருவருக்காக வைத்த மைக்கில் பக்கத்தில் நிற்பவரின் ஒலியும் கசிந்துவிடும். மண்டபத்தின் எதிரொலியும் எல்லா ஒலிகளையும் லேசாகச் சூழ்ந்திருக்கும். ஸ்டூடியோவில் தனியாக வாசித்ததற்கு இந்தக் கசிவு கிடையாது. ஆகவே டிரம்ஸும் பேஸும் ஒரே காற்றில் நிற்பதுபோலக் கேட்கும்போது, வயலின் மட்டும் சற்று முன்னால், தனக்கென்று ஓர் அறையில் நிற்பதுபோலத் தோன்றினால் சந்தேகப்படலாம். ஒலிப்பொறியாளர் கைதேர்ந்தவரானால் செயற்கை எதிரொலி சேர்த்து அந்த வேறுபாட்டை மூடிவிடுவார், எனவே காதின் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவு வேண்டும் என்கிறேன்.

கிராஸின் கையைக் கேட்க 'எக்ஸைல்ஸ்' பாட்டுக்குச் செல்லுங்கள். கூச்சல் எல்லாம் அடங்கி, மெல்லோட்ரானின் மூடுபனிக்குள் வயலின் மெதுவாக நடக்கும் பாட்டு இது. மெல்லோட்ரான் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் இந்தப் பாட்டு வேறாகக் கேட்கும். அந்தக் கருவியின் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு துண்டுக் காந்தநாடா இருக்கிறது. அதில் தந்திக்குழுவோ புல்லாங்குழலோ வாசித்த ஒரு சுரம் பதிந்திருக்கும். விசையை அழுத்தினால் நாடா ஓடும், விட்டால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நாடாவின் நீளம் சுமார் எட்டு நொடிதான். அதற்குமேல் விரல் அங்கேயே இருந்தாலும் ஒலி நின்றுவிடும். எனவே நீளமாக ஓடுவதுபோல் கேட்கும் அந்தத் தந்திக்குழு, உண்மையில் விரல்கள் அடிக்கடி எழுந்து அமர்வதால் மட்டுமே ஓடுகிறது. ஒரு கோர்வை தொடங்கியதும் மனத்துக்குள் எட்டு எண்ணிப் பாருங்கள், அதற்குள் சுரம் மாறியிருக்கும். மேடையின் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது நாடா ஓடும் வேகமும் மாறி, சுருதி லேசாக வழுக்கும். அந்த வழுக்கலைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது, அணைந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிற விளக்கின் அசைவுபோல, பாட்டின் சோகத்துக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் உள்ள 'ஆஸ்பரி பார்க்' முன்கூட்டி எழுதப்படாதது. நால்வரும் மேடையிலேயே கூடி உருவாக்கியது. கர்நாடக இசைக் கச்சேரியில் கற்பனைச் சுரம் கேட்டுப் பழகியவர்கள் இங்கே ராகமும் தாளமும் முன்பே முடிவாகியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம்; இங்கே அந்த வேலியும் இல்லை. இதைக் கேட்க நான் பரிந்துரைக்கும் முறை, நான்கு முறை கேட்பது. ஒவ்வொரு முறையும் ஒருவரை மட்டும் தொடருங்கள். முதலில் பேஸ்: வெட்டன் ஒரு சொற்றொடரைப் பிடித்து விடாமல் திருப்பிச் சொல்லும்போதுதான் மற்றவர்களுக்கு நிற்கத் தரை கிடைக்கிறது. அடுத்து டிரம்ஸ்: அந்தச் சொற்றொடருக்கு எதிராக எங்கே இடறல் வைக்கிறார் என்று பாருங்கள். மூன்றாவது கித்தார். ஃபிரிப் நாற்காலியில் அமர்ந்து வாசிப்பவர். நீண்ட வரிகளைத் தீயில் காய்ச்சிய கம்பிபோல இழுத்துச்செல்கிறார், ஆனால் மற்ற இருவரும் வேகத்தை மாற்றினால் அவர் வரியும் உடனே வளைவதைக் கேட்கலாம். நான்காவது முறை கிராஸைத் தேடுங்கள். இங்கேதான் அந்தக் குழுவின் உள்பிரச்சினை காதில் விழும்: பேஸும் டிரம்ஸும் அவ்வளவு உரத்த பிறகு வயலினுக்கு இடமே மிஞ்சுவதில்லை. அந்தப் பயணம் முடிந்ததும் குழு அவரை விலக்கியதற்கு எந்த விளக்கமும் படிக்காமலே, இந்த ஏழு நிமிடத்தில் காரணத்தின் ஒரு பங்கைக் கேட்டுவிடலாம். மேடையில் வாசித்தது இதைவிட நீளம் என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டுக்காக வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள்.

'ஈஸி மனி' பாட்டின் முடிவு இன்னொரு பாடம். மேடையில் எந்தப் பாட்டும் மெல்லத் தேய்ந்து மறைவதில்லை, அது ஏதோ ஒரு விதத்தில் நின்றாக வேண்டும். இந்தத் தட்டிலோ கித்தார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி குறைந்து மறைகிறது. அப்படித் தேய்கிற இடத்தில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஆட்கள் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கதவை மூடியது ஒரு கை, மிக்ஸிங் மேசையில் இருந்த கை. இந்த இடத்தில் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது.

கடைசிப் பாட்டு 1969-இல் வந்த குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. அன்று அதைப் பாடியவர் கிரெக் லேக்; ஸாக்ஸஃபோனும் இருந்தது. 1974-இல் பாடுபவர் வெட்டன், ஸாக்ஸஃபோன் இருந்த இடத்தில் வயலின். ஐந்தாண்டுப் பழைய பாட்டை, எழுதியவர்களில் ஃபிரிப் ஒருவர் மட்டுமே எஞ்சியிருக்கும் குழு எப்படிச் சுமக்கிறது என்பதைப் பார்க்கலாம். நடுவில் எல்லாக் கருவிகளும் ஒரே வரியைத் துண்டு துண்டாக, இடையிடையே முழு மௌனம் விட்டு வாசிக்கும் பகுதி வரும். அங்கே சுரங்களைக் கேட்காதீர்கள், மௌனங்களைக் கேளுங்கள். ஸ்டூடியோப் பதிவில் அந்த மௌனம் வெற்றிடம். மேடைப்பதிவில் அதற்குள் முந்தைய அடியின் எதிரொலி இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. அடுத்த அடியில் நால்வரும் ஒன்றாக விழுவார்களா என்ற பதற்றமும் இருக்கிறது.

இப்போது ஒப்பிடும் வேலை. 1992-இல் 'தி கிரேட் டிசீவர்' என்ற பெயரில் நான்கு குறுந்தகடுகள் கொண்ட ஒரு பெட்டி வெளிவந்தது. 1973, 74-ஆம் ஆண்டுகளின் மேடைப்பதிவுகள் அதில் உள்ளன, பிராவிடன்ஸ் கச்சேரியும் அவற்றுள் ஒன்று. அதாவது 'யூஎஸ்ஏ'வில் ஜாப்ஸனின் வயலினோடு கேட்ட அதே இரவின் 'ஸ்கிஸாய்டு மேன்', அங்கே கிராஸின் வயலினோடு கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். டிரம்ஸின் ஒவ்வோர் உருட்டலும் ஒன்றே, பாடும் மூச்சு ஒன்றே, ஒரே ஒரு ஆள் மட்டும் மாறியிருக்கிறார். முப்பது நொடித் துண்டுகளாக மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ஒப்பிட்டால் நினைவு ஏமாற்றும். ஜாப்ஸனின் வாசிப்பு சுத்தமானது, எங்கே போகிறோம் என்று தெரிந்து போகிறது. தெரியாமல் எப்படி இருக்கும், மற்ற மூவரும் என்ன வாசித்தார்கள் என்பதை முன்பே கேட்டுவிட்டுத்தானே அவர் வில்லை எடுத்தார். கிராஸுக்கு அந்த வசதி இல்லை, அடுத்த நொடி தெரியாமல் வாசித்தார். எது நன்று என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வந்தது, இரண்டும் வேறுவேறு தொழில் என்பதைத்தான். ஆஸ்பரி பார்க் கச்சேரியையும் ஜாப்ஸனின் சேர்க்கைகள் இல்லாத வடிவத்தில், ஃபிரிப் தொடங்கிய இசை நிறுவனமான டிஜிஎம் பின்னாளில் வெளியிட்டது. முதல் உருப்படிக்கும் அதைக் கொண்டு இதே சோதனையைச் செய்யலாம்.

2002 பதிப்பின் கூடுதல் பாடல்களில் 'ஸ்டார்லெஸ்' மட்டும் பற்றி ஒரு சொல். அதன் ஸ்டூடியோ வடிவம் 'ரெட்' ஆல்பத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆல்பம் இந்தக் கச்சேரிகளுக்குப் பிறகே பதிவானது. ஆகவே மேடையில் கேட்டவர்களுக்கு அது தெரியாத பாட்டு. நடுப்பகுதியில் பேஸ் பதின்மூன்று எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வர, கித்தார் ஒரே சுரத்தை நெடுநேரம் தட்டிக்கொண்டிருக்கும். தெரியாத பாட்டில் இந்தப் பொறுமையை எதிர்கொள்ளும் கூட்டம் எப்படி அமைதியாகிறது என்பதையே கேளுங்கள். 'ரெட்' ஆல்பத்திலேயே 'பிராவிடன்ஸ்' என்று ஓர் உருப்படி உண்டு. பெயரே சொல்வதுபோல, அது அதே ஜூன் 30 இரவின் மேடைக் கற்பனையிலிருந்து எடுத்தது.

இவ்வளவு பழகிய காதோடு, எதிர்த்திசையிலும் ஒரு தட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 1974-இன் தொடக்கத்தில் வந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஸ்டூடியோ ஆல்பமாக விற்கப்பட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி மேடையில் பதிவானது, கூட்டத்தின் ஒலி மட்டும் நீக்கப்பட்டது. அதில் 'ட்ரியோ' என்ற உருப்படி 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் அரங்கில் உருவானது. வயலின், பேஸ், மெல்லோட்ரான் மூன்றும் மிக மெதுவாக ஒன்றையொன்று தொட்டுப்போகும். புரூஃபோர்ட் மேடையிலேயே இருந்தார், குச்சிகளும் கையில் இருந்தன, ஆனால் ஒரு முறைகூட அடிக்கவில்லை; அப்படி அடிக்காமல் இருந்ததற்காகவே உருப்படியை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். முழுக் கச்சேரியும் 1997-இல் 'தி நைட் வாட்ச்' என்று வெளிவந்திருக்கிறது. இரண்டிலும் 'ட்ரியோ'வை ஒருமுறை கேளுங்கள், அடிக்கப்படாத அந்த டிரம்ஸைத் தேடியபடி.